பல்லைப் பிடித்துப் பார்க்க முடியாத சரக்கு

வீரசோழன் ஆட்டுச் சந்தையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அங்கே ஆடு வாங்க வருபவர் எடுத்தவுடன் விலை கேட்பதில்லை. முதலில் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார். இரண்டு பல்லா, நான்கு பல்லா, கடை சேர்ந்துவிட்டதா என்று வயதைக் கணக்கிடுவார். முதுகெலும்பின் மீது கைவைத்து அழுத்திச் சதைப்பிடிப்பை அறிவார். நாலடி நடக்கவிட்டுக் காலைக் கவனிப்பார். இத்தனையும் முடிந்த பிறகே பேரம் தொடங்கும். ஆட்டைப் பற்றி விற்பவருக்கு என்னவெல்லாம் தெரியுமோ, அதில் பெரும்பகுதி வாங்குபவருக்கும் தெரிந்துவிடுகிறது. 'வாங்குபவனே விழித்திரு' என்னும் பழைய வணிக விதி அந்தச் சந்தையில் நியாயமான விதிதான்.

மோட்டார் காருக்கு அந்த விதி பொருந்தாது. ஆயிரக்கணக்கான பாகங்களும், அவற்றை இயக்கும் மின்னணுக் கருவிகளும், அக்கருவிகளுக்குள் எழுதப்பட்ட மென்பொருளும் சேர்ந்த ஒரு சரக்கை, ஷோரூமில் கதவைத் திறந்து மூடிப் பார்த்தும் தெருமுனை வரை ஓட்டிப் பார்த்தும் எவராலும் எடைபோட முடியாது. அதைச் செய்தவருக்கு எல்லாம் தெரியும். வாங்குபவருக்கு நிறமும் விலையும் தெரியும்.

பொருளாதாரம் கற்பித்த காலத்தில் ஒவ்வோர் ஆண்டும் நான் விரும்பி நடத்திய பாடம் ஒன்று உண்டு. அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அகர்லாஃப் 1970-இல் 'எலுமிச்சைகளின் சந்தை' என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு கட்டுரை வெளியிட்டார். பழுதுள்ள காரை அமெரிக்கர்கள் பேச்சுவழக்கில் எலுமிச்சை என்பார்கள். விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாமல் போனால், நல்ல காருக்கும் உரிய விலை கிடைக்காது. நல்ல கார்கள் சந்தையை விட்டு விலகும். கடைசியில் சந்தையே கெடும் என்று அவர் காட்டினார். மூன்று ஆய்விதழ்கள் வெளியிட மறுத்த கட்டுரை அது. 2001-இல் மைக்கேல் ஸ்பென்ஸ், ஜோசப் ஸ்டிக்லிட்ஸ் ஆகியோருடன் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தபோது, அதற்கு அடிப்படையாக அமைந்ததும் அதே கட்டுரைதான். இந்தக் கேட்டைக் குறைக்கும் வழிகளில் ஒன்றாக அவர் குறிப்பிட்டது விற்பவர் தரும் உத்தரவாதம். 'வாரண்டி' என்று நாம் சொல்லும் அந்தத் தாளின் பொருளாதார நியாயம் அதுவே. பழுதின் செலவை, பழுதைப் பற்றி அறிந்தவரே ஏற்க வேண்டும்.

அந்தத் தாள் நம் ஊரில் எந்த அளவுக்குப் பயன்படுகிறது என்பதைச் சில மாதங்களுக்கு முன்பு என் தெருக்காரர் ஒருவரின் வழக்கில் அருகிருந்து பார்த்தேன். அவருடைய மகன் வளைகுடா நாட்டில் வேலை செய்கிறார். தந்தைக்கு இதய நோய். மதுரை மருத்துவமனைக்கு மாதமிருமுறை போய்வர வேண்டும். பேருந்தில் அலையக்கூடாது என்று மகன் பணம் அனுப்பி, பாதிக்கு வங்கிக் கடனும் வாங்கி, புதிய கார் ஒன்றை வாங்கித் தந்தார். இரண்டாம் மாதத்திலிருந்து அந்தக் கார் ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றுபோகத் தொடங்கியது. ஒருமுறை உச்சிவெயிலில் காரியாபட்டிக்கு அருகில் நின்றுவிட, அந்த மனிதர் கருவேல மர நிழலில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார். ஆறு முறை மதுரைப் பணிமனைக்குக் கொண்டுபோனார்கள். ஆறு முறையும் 'இப்போது சரியாக இருக்கிறது' என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள்.

காகிதங்களை எல்லாம் ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு என்னிடம் வந்தபோது, கார் வாங்கி ஓராண்டும் ஏழு மாதங்களும் ஆகியிருந்தன. அவர் கேட்ட கேள்வி இது: ''சார், வண்டியில கோளாறே இல்லைன்னு சாதிக்கிறாங்க. இருக்குன்னு நான் எப்படி சார் நிரூபிக்கிறது?''

நுகர்வோர் சட்டத்தைப் பற்றி எழுதப்படும் பெரும்பாலான கட்டுரைகள் எங்கே புகார் செய்வது, எவ்வளவு கட்டணம் என்பதோடு நின்றுவிடுகின்றன. அவை தேவையானவை, ஆனால் எளிதானவை. கடினமானது இந்தப் பெரியவர் கேட்ட கேள்வி.

எளிதானதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1986-இல் வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பதிலாக 2019-ஆம் ஆண்டுச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கிறது. காருக்குக் கொடுத்த தொகை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் செய்யலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமே இல்லை. 10 லட்சம் வரை 200 ரூபாய். 20 லட்சம் வரை 400 ரூபாய். 50 லட்சம் வரை 1,000 ரூபாய். வழக்குரைஞர் கட்டாயமில்லை. பழைய சட்டத்தில், எதிர்தரப்பினர் தொழில் நடத்தும் இடத்திலோ வழக்குக்கான காரணம் எழுந்த இடத்திலோதான் புகார் செய்ய முடியும். புதிய சட்டத்தின் 34-ஆவது பிரிவு, புகார்தாரர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்க வழி செய்திருக்கிறது. மதுரையிலோ சென்னையிலோ வாங்கிய காருக்கு விருதுநகர் மாவட்ட ஆணையத்தை நாடலாம். இந்தச் சட்டத்தின் ஆகச்சிறந்த திருத்தம் இதுவே என்பது என் கருத்து.

ஆனால், விருதுநகர் மாவட்ட ஆணையம் என்றால் அது விருதுநகரில் இருக்கிறது என்று எண்ணிவிடக்கூடாது. மாவட்ட நீதிமன்றம் போலவே ஸ்ரீவில்லிபுத்தூரில் அமர்வது அதன் வழக்கம். வீரசோழன் மாவட்டத்தின் கிழக்கு ஓரம்; ஸ்ரீவில்லிபுத்தூர் மேற்கு ஓரம். நரிக்குடி, திருச்சுழி, அருப்புக்கோட்டை, விருதுநகர், சிவகாசி என்று மாவட்டம் முழுவதையும் குறுக்கே கடந்து ஒரு வாய்தாவுக்குப் போய்வர ஒரு முழு நாள் ஆகும். புகாரை இணையவழியில் பதிவு செய்யவும், காணொலி வழியாக விசாரணையில் பங்கேற்க அனுமதி கேட்கவும் சட்டத்தில் இடமுண்டு. நமது வானம் பார்த்த பூமிக்காரர்கள் இந்த இரண்டு உரிமைகளையும் தயங்காமல் கேட்க வேண்டும்.

காலவரம்பு, வழக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள் என்று 69-ஆவது பிரிவு கூறுகிறது. அந்த நாள் எது என்பதில் வாதத்துக்கு இடமிருக்கிறது. தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் ஆணையம் மன்னிக்கவும் செய்யும். இருந்தாலும் வாங்கிய நாளிலிருந்தே இரண்டு ஆண்டுகளை எண்ணிக்கொள்வது பாதுகாப்பு. என் தெருக்காரருக்கு அந்தக் கணக்குப்படி ஐந்து மாதங்கள் மிச்சமிருந்தன. கார் அவருடைய பெயரில் இருந்தது, பணம் மகனுடையது. இதனால் சிக்கல் வருமோ என்று அவர் பயந்தார். சிக்கல் இல்லை. வாங்கியவரின் ஒப்புதலோடு பொருளைப் பயன்படுத்துபவரும் சட்டத்தின் கண்ணில் நுகர்வோரே.

இனி கடினமான கேள்விக்கு வருவோம்.

கார் வழக்குகளில் உச்சநீதிமன்றம் வகுத்த பாதையைப் பின்னோக்கிப் பார்த்தால், வாங்கியவருக்கு ஆறுதலும் இருக்கிறது, எச்சரிக்கையும் இருக்கிறது. பிரீமியர் நிறுவனத்தின் டீசல் கார் தொடர்பாக கேரளத்திலிருந்து சென்ற வழக்கில் 2004-இல் தீர்ப்பளித்த உச்சநீதிமன்றம், பழுதான காரைப் புத்தம் புதியது என்று விற்றது வெட்கக்கேடு என்றே கண்டித்தது. குறையை ஒப்புக்கொள்ளாமல் கடைசி நீதிமன்றம் வரை வழக்காடியதையும் சேர்த்துக் கண்டித்தது. இதைப் படிப்பவர், இனி பழுதான காருக்கு மாற்றுக் கார் கிடைத்துவிடும் என்று நினைக்கக்கூடும். இரண்டே ஆண்டுகளில், 2006-இல், மாருதி உத்யோக் நிறுவனத்தின் மேல்முறையீட்டில் வேறொரு கோணம் வந்தது. அது கிளட்ச் கோளாறு பற்றிய வழக்கு. உத்தரவாதப் பத்திரம் பழுதான பாகத்தை மாற்றித் தருவதாகத்தான் சொல்கிறது. அதைக் கொண்டு காரையே மாற்றித் தரச் சொல்ல முடியாது என்று நீதிமன்றம் கூறிவிட்டது.

2010-இல் ஃபியட் இந்தியா வழக்கு. காரின் என்ஜினில் சத்தம். நிறுவனம் என்ஜினையே மாற்றிக் கொடுத்தது. வாங்கியவர் காரின் விலையைத் திருப்பிக் கேட்டார். சுதந்திரமான தொழில்நுட்ப வல்லுநர் ஒருவர் பரிசோதித்து, உற்பத்திக் குறைபாடு இருக்கிறது என்று சொன்னால்தான் விலையைத் திருப்பித் தர உத்தரவிட முடியும் என்பது முடிவு.

இந்தத் தீர்ப்புகளைச் சேர்த்துப் படித்தால் கிடைப்பது ஒரு பிரிவினை. சரிசெய்யக்கூடிய கோளாறு என்றால் இலவசப் பழுதுபார்ப்பும், அலைக்கழித்ததற்கு இழப்பீடும் கிடைக்கும். காரின் உடலோடு பிறந்த உற்பத்திக் குறைபாடு என்றால் மட்டுமே மாற்றுக் கார் அல்லது முழு விலை. இரண்டாவதை நிரூபிக்கும் சுமை வாங்கியவர் தலையில் இருக்கிறது.

எப்படி நிரூபிப்பது? சட்டத்தின் 38-ஆவது பிரிவு வழி சொல்கிறது. முறையான பரிசோதனை இல்லாமல் குறையை அறிய முடியாது என்றால், ஆணையம் அந்தப் பொருளை உரிய ஆய்வகத்துக்கு அனுப்பி 45 நாள்களுக்குள் அறிக்கை பெற வேண்டும். இந்த விதியை எழுதியவர்களின் மனத்தில் இருந்தது எண்ணெய்ப் பாக்கெட்டும் சிமெண்ட் மூட்டையுமாக இருந்திருக்க வேண்டும். ஏனென்றால் 'மாதிரி எடுத்து, முத்திரையிட்டு அனுப்புவது' பற்றித்தான் பிரிவு பேசுகிறது. காரை முத்திரையிட்டு உறையில் போட முடியாது. ஆகவே நடைமுறையில் ஆணையங்கள் பொறியியல் கல்லூரிப் பேராசிரியரையோ, மோட்டார் வாகன ஆய்வாளரையோ வல்லுநராக நியமித்து அறிக்கை கேட்கின்றன. பரிசோதனைக் கட்டணத்தை முன்னதாகக் கட்டும்படி புகார்தாரரிடமே ஆணையம் கேட்கலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது. புகாருக்கு 200 ரூபாய். வல்லுநருக்கு எவ்வளவு என்று விதியில் இல்லை. ஏழை எளியவர்க்கு மலிவான நீதி என்ற கோட்பாடு இந்த இடத்தில் சறுக்குகிறது.

இன்னொரு சிக்கல் இருக்கிறது. என் தெருக்காரரின் காரைப் போல, நூறு முறை சரியாக ஓடி நூற்றோராவது முறை நின்றுபோகும் காரை ஒரு பிற்பகலில் பரிசோதிக்கும் பேராசிரியர் என்ன கண்டுபிடிப்பார்? இன்றைய கார்களில் கோளாறின் தடயம் காரின் கணினிக்குள் குறியீடாகப் பதிகிறது. அதை முழுமையாகப் படிக்கும் கருவியும் மென்பொருளும் பெரும்பாலும் நிறுவனத்தின் பணிமனையில்தான் உள்ளன. சாட்சியே எதிர்தரப்பின் பூட்டுக்குள் இருக்கிறது.

இந்தச் சுவரில் ஒரு விரிசல் 2022 ஏப்ரலில் விழுந்தது. காஞ்சிபுரம் மாவட்டம் இருங்காட்டுக்கோட்டையில் பெரிய ஆலை வைத்திருக்கும் ஹூண்டாய் நிறுவனத்தின் வழக்கு அது. தில்லியைச் சேர்ந்த ஒருவர் 2015 ஆகஸ்டில் க்ரெட்டா கார் வாங்கினார். 2017 நவம்பரில் தில்லி-பானிபட் நெடுஞ்சாலையில் விபத்து. காரின் முன்பகுதி நொறுங்கியது, காற்றுப்பைகள் விரியவில்லை, அவருக்குத் தலையிலும் மார்பிலும் பல்லிலும் காயம். போதுமான விசையோடு முன்புறம் மோதினால்தான் காற்றுப்பை விரியும் என்பது நிறுவனத்தின் வாதம். தில்லி மாநில ஆணையம் மொத்தம் 3 லட்சம் ரூபாய் இழப்பீடும் மாற்றுக் காரும் வழங்க உத்தரவிட்டது. தேசிய ஆணையம் அதை உறுதி செய்தது. உச்சநீதிமன்றமும் தலையிட மறுத்துவிட்டது.

அந்தத் தீர்ப்பின் சாரம் நமக்கு முக்கியமானது. வேகத்தையும் விசையையும் வைத்து மோதலின் தாக்கத்தைக் கணக்கிட, கார் வாங்குபவர் இயற்பியல் வல்லுநராக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது என்றது நீதிமன்றம். காற்றுப்பை உண்டு என்று சொல்லி விற்றால், முன்பகுதி நொறுங்கும் விபத்தில் அது விரியும் என்று வாங்குபவர் நம்புவது இயல்பு. விரியாதபோது நிகழ்ந்ததே குறையைப் பேசுகிறது என்ற அணுகுமுறையை அது ஏற்றது. வல்லுநர் அறிக்கை எல்லா வழக்குகளிலும் தவிர்க்க முடியாத சடங்கு அல்ல என்பது இதிலிருந்து புலனாகிறது. விலையுயர்ந்த காற்றுப்பையைப் பற்றிச் சொன்னதை, ஆறு முறை பணிமனைக்குப் போன காரைப் பற்றியும் சொல்லலாம் அல்லவா? புதிய கார் ஒன்று ஒரே கோளாறுக்காக ஓராண்டில் ஆறு முறை பணிமனைக்கு வந்தது என்றால், அந்த எண்ணிக்கையே சாட்சி.

எண்ணிக்கை சாட்சியாக வேண்டுமானால் அது காகிதத்தில் இருக்க வேண்டும். என் தெருக்காரரின் மஞ்சள் பையில் இருந்தது இரண்டே இரண்டு ஜாப் கார்டுகள். ஒன்றில் 'பொதுச் சோதனை' என்று எழுதியிருந்தது. மற்றொன்றில் 'குறை காணப்படவில்லை'. மற்ற நான்கு முறைக்கும் காகிதமே தரப்படவில்லை. 'நமக்குள்ள என்ன சார் காகிதம்' என்ற இனிய சொல்லோடு பணிமனை அவரை அனுப்பியிருக்கிறது. நீதிமன்றத்தில் நிற்கும்போது அந்த நான்கு பயணங்களும் நடக்காதவையாகிவிடும்.

ஆகவே இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். பணிமனையில் காரை விடும்போது ஜாப் கார்டில் எழுதப்படுவது உங்கள் வாக்குமூலம். ஊழியர் தம் வசதிக்கு 'ஜெனரல் செக்கப்' என்று எழுதுவார். அதை ஏற்காதீர்கள். எந்த நாளில், எந்த இடத்தில், எந்த வேகத்தில் போகும்போது நின்றது, எத்தனையாவது முறையாக வருகிறீர்கள் என்பதை உங்கள் சொற்களிலேயே எழுதச் சொல்லுங்கள். தமிழில் எழுதினாலும் செல்லும். ஓடிய கிலோமீட்டர் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். காரைத் திரும்ப எடுக்கும்போது 'திருப்தி' என்ற வரிக்குக் கீழே கையெழுத்து கேட்பார்கள். திருப்தி இல்லையென்றால், 'ஓட்டிப் பார்த்த பிறகே கூற இயலும்' என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். நகல் வாங்காமல் வாசலைத் தாண்டாதீர்கள். நகல் தர மறுத்தால், அன்று மாலையே நடந்ததை நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். பதில் வராவிட்டாலும் அது ஆவணமே. கார் நின்ற இடத்தில் கைப்பேசியில் எடுத்த காணொலி, இழுத்துச் சென்ற வண்டிக்குக் கொடுத்த ரசீது, வாடகைக் காருக்குக் கொடுத்த பணம் எல்லாம் இழப்பீட்டுக் கணக்கில் சேரும். வழக்கு முடிவதற்கு முன் வெளி மெக்கானிக்கிடம் பெரிய வேலை எதுவும் செய்துவிடாதீர்கள். 'வெளியாள் கைவைத்ததால்தான் கெட்டது' என்ற ஒரு வரிப் பதிலில் வழக்கு மூழ்கிவிடும்.

என் தெருக்காரர் அடுத்த இரண்டு முறை போனபோது இப்படித்தான் எழுதி வாங்கினார். ஏழாவது ஜாப் கார்டைப் பார்த்த பணிமனை மேலாளரின் குரல் மாறிவிட்டதாக அவர் சொன்னார். காலவரம்பு முடிவதற்கு முன்பே புகார் மனு பதிவாகிவிட்டது, விசாரணை இனிதான்.

மனுவில் யாரைச் சேர்ப்பது என்பதிலும் கவனம் தேவை. விற்பனை முகவர் ஒருவர், தயாரிப்பாளர் வேறொருவர். இருவருக்கும் இடையிலான உறவு பெரும்பாலும் முதலாளி-முகவர் உறவு அல்ல. சரக்கை விலைக்கு வாங்கி விற்கும் இரு தனி வணிகர்களின் உறவு. கோவாவில் 2011-ஆம் ஆண்டு மாடல் என்று பணம் வாங்கிக்கொண்டு, ஏற்கெனவே சில நூறு கிலோமீட்டர் ஓடிய 2009 மாடல் காரை விற்பனையாளர் தந்த வழக்கில், தயாரிப்பாளருக்கு அது தெரிந்திருந்தது என்று காட்டப்படாததால் டாடா மோட்டார்ஸைப் பொறுப்பாக்க முடியாது என்று உச்சநீதிமன்றம் 2021-இல் கூறியது. ஆகவே இருவரையும் எதிர்தரப்பினராகச் சேர்த்து, யார் செய்த தவறு எது என்பதைத் தனித்தனியே எழுத வேண்டும்.

கேட்க வேண்டியதை எல்லாம் மனுவிலேயே கேட்டுவிட வேண்டும். ஜெனரல் மோட்டார்ஸ் வழக்கில் தேசிய ஆணையம் விதித்த 25 லட்சம் ரூபாய் தண்டத்தொகையை 2014-இல் உச்சநீதிமன்றம் நீக்கியது. புகாரில் அது கேட்கப்படவே இல்லை என்பது முக்கியக் காரணம். காரின் விலை மட்டுமல்ல, சாலை வரி, காப்பீட்டுத் தொகை, கடனுக்குக் கட்டிய வட்டி, மருத்துவமனைக்குப் போக வாடகைக் காருக்குச் செலவிட்டது, மன உளைச்சல், வழக்குச் செலவு என்று ஒவ்வொன்றையும் தொகையோடு எழுத வேண்டும். கார் நின்றாலும் தவணை நிற்பதில்லை என்பதை ஆணையத்துக்கு யாராவது எண்களில் எடுத்துச் சொல்ல வேண்டும்.

எங்கள் பகுதியில் சொகுசுக் காரைவிட அதிகமாக விற்பனையாவது 'குட்டியானை' எனப்படும் சிறிய சரக்கு வண்டி. மிளகாய் மூட்டை, கரிமூட்டத்துக் கரி, சந்தைக்குப் போகும் ஆடு எல்லாம் அதில்தான் போகின்றன. வணிக நோக்கத்துக்காகப் பொருள் வாங்கியவர் நுகர்வோர் அல்லர் என்று சட்டம் சொல்வதால், இந்த வண்டிக்காரர்கள் தங்களுக்கு வழியே இல்லை என்று ஒதுங்கிவிடுகிறார்கள். இது தவறான எண்ணம். சுயவேலையின் மூலம் தம் பிழைப்புக்காக வாங்கிப் பயன்படுத்துவது வணிக நோக்கம் ஆகாது என்று சட்டத்தின் விளக்கமே கூறுகிறது. கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. தொழில் நிறுவனம் செய்துகொடுத்த இயந்திரம் தொடர்பாக எழுந்த வழக்கில் 1995-இல் தீர்ப்பளித்த உச்சநீதிமன்றம், தாமே ஓட்டிப் பிழைக்க ஆட்டோவோ லாரியோ வாங்கியவர் நுகர்வோரே என்று எடுத்துக்காட்டுகளோடு விளக்கியது. ஐந்து வண்டி வைத்து ஆள் போட்டு ஓட்டுபவருக்கு இது பொருந்தாது. ஒரு வண்டியைத் தாமே ஓட்டுபவர், அது தம் வாழ்வாதாரம் என்பதை மனுவின் முதல் பத்தியிலேயே எழுதிவிட வேண்டும். மறுபக்கத்தில், நிறுவனத்தின் பெயரில் இயக்குநருக்காக வாங்கிய மெர்சிடிஸ் காரையும் வணிக நோக்கம் என்று தானாகக் கருதிவிட முடியாது என்று 2024 ஜூலையில் தீர்ப்பாகியிருக்கிறது. மெர்சிடிஸ் உரிமையாளருக்கு அது தெரிந்திருக்கும். குட்டியானைக்காரருக்குத்தான் இன்னும் தெரியவில்லை.

2019-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 'பொருள் பொறுப்பு' என்று ஒரு புதிய அத்தியாயமே இருக்கிறது. தயாரிப்பாளரின் அலட்சியத்தை நிரூபிக்காமலே அவரைப் பொறுப்பாக்கலாம் என்று பெரிதாகப் பேசப்பட்டது. அந்த அத்தியாயத்தின் நுழைவாயிலில் நிற்கும் 'தீங்கு' என்ற சொல்லுக்கான வரையறையைப் படித்தவர் சிலரே. உடலுக்கும் பிற சொத்துக்கும் நேர்ந்த கேடு தீங்கில் சேரும். அந்தப் பொருளுக்கே ஏற்பட்ட கேடு சேராது. அதாவது, கார் உங்களைக் காயப்படுத்தினால் இந்த அத்தியாயம் உதவும். கார் வெறுமனே நின்றுபோனால் உதவாது. நின்றுபோன காரின் சொந்தக்காரர் மீண்டும் பழைய பாதைக்கே, குறைபாட்டை நிரூபிக்கும் பாதைக்கே திரும்ப வேண்டும்.

மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் செய்த திருத்தத்தின்படி, ஒரே மாதிரியான குறை பல வண்டிகளில் இருந்தால் அவற்றைத் திரும்பப் பெறுமாறு அரசு உத்தரவிடலாம். 2021 ஏப்ரல் முதல் அதற்கான விதிகள் நடைமுறையில் உள்ளன. நிறுவனங்கள் தாமாகவும் திரும்பப் பெறுகின்றன. 2023 ஜூலையில் ஸ்டியரிங் பாகம் ஒன்றின் குறைக்காக மாருதி நிறுவனம் 87,599 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. உங்கள் காரின் மாடலுக்கு அப்படி ஓர் அறிவிப்பு வந்திருந்தால் அதை மனுவோடு இணைத்துவிடுங்கள். வல்லுநர் அறிக்கைக்கு ஈடான சாட்சி அது.

பிற நாடுகள் இந்த நிரூபணச் சுமையை எப்படிக் கையாள்கின்றன? அமெரிக்காவில் 1982-இல் கனெக்டிகட் மாநிலம் தொடங்கி வைத்த 'எலுமிச்சைச் சட்டங்கள்', குறிப்பிட்ட காலத்துக்குள் குறிப்பிட்ட தடவை பழுதுபார்த்தும் சரியாகவில்லை என்றால் மாற்றுக் கார் அல்லது பணம் என்று எண்ணிக்கையை வைத்தே முடிவு செய்கின்றன. சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ள சட்டம், பொருளைப் பெற்ற ஆறு மாதங்களுக்குள் தெரியவரும் குறை, பெற்றபோதே இருந்தது என்று அனுமானித்துக்கொள்கிறது. இல்லை என்று நிரூபிப்பது விற்றவரின் பாடு. ஐரோப்பிய ஒன்றியம் தனது 2019-ஆம் ஆண்டு நெறியாணையில் அந்தக் காலத்தை ஓராண்டாக்கிவிட்டது. சிவகங்கையிலிருந்தும் இராமநாதபுரத்திலிருந்தும் சிங்கப்பூர் போய் வேலை செய்யும் நம்மவர், அங்கே வாங்கிய காருக்கு இந்தப் பாதுகாப்பைப் பெறுகிறார். அவரே ஊரிலிருக்கும் தந்தைக்கு வாங்கித்தரும் காருக்கு அது இல்லை.

இந்த அனுமானம் வந்தால் கார் விலை கூடும் என்று தொழில்துறை சொல்லும். ஓரளவு கூடலாம். ஆனால் அந்தச் செலவு இப்போதும் இல்லாமலில்லை. பழுதான ஒரு காரை வாங்க நேர்ந்த ஒருவர் முழுவதையும் தனியே சுமக்கிறார் என்பதே இன்றைய நிலை. ஆயிரம் பேர் ஆளுக்குச் சிறிது பகிர்ந்துகொள்வது காப்பீட்டின் அடிப்படைத் தத்துவம். அதைவிட முக்கியம், பழுதின் செலவு ஆலைக்குத் திரும்பிப் போனால்தான் ஆலையில் பழுது குறையும்.

குறையில்லாத காரின் சொந்தக்காரரும் இந்த வாய்ப்பைத் தவறாகப் பயன்படுத்தக்கூடும் என்ற அச்சத்தை நான் ஒதுக்கிவிடவில்லை. ஓட்டத் தெரியாமல் ஓட்டிக் கிளட்சைத் தேய்த்துவிட்டு வழக்குப் போட்டவர்களும் இருக்கிறார்கள். அதனால்தான் அனுமானம் மறுக்கத்தக்கதாக இருக்க வேண்டும். கணினிப் பதிவுகள் நிறுவனத்திடம் இருப்பதால், தவறான பயன்பாடு என்றால் அதை நிரூபிப்பது நிறுவனத்துக்கு எளிது.

காலதாமதம் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. மூன்று மாதங்களில், பரிசோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதங்களில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். 2017-இல் நடந்த விபத்துக்கான ஹூண்டாய் வழக்கு 2022-இல் முடிந்தது. ஆணையங்களில் தலைவர், உறுப்பினர் பதவிகள் காலியாகக் கிடப்பதை உச்சநீதிமன்றம் 2021-இல் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொள்ள நேர்ந்தது. மாவட்ட ஆணையத்தின் உத்தரவை எதிர்த்து மேல்முறையீடு செய்ய, விதிக்கப்பட்ட தொகையில் பாதியை நிறுவனம் முன்கூட்டியே கட்ட வேண்டும் என்ற புதிய விதி, வீம்புக்கான மேல்முறையீடுகளைச் சற்றுக் குறைக்கும்.

நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தும் வரை காத்திருக்காமல், மாநில அரசும் மாநில ஆணையமும் செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூரைச் சுற்றி, கிருஷ்ணன்கோவிலிலும் சிவகாசியிலும், இயந்திரவியல் துறையும் பணிக்கூடமும் கொண்ட பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. ஒவ்வொரு மாவட்ட ஆணையத்துக்கும் இத்தகைய கல்லூரிகளிலிருந்து வாகன வல்லுநர் குழு ஒன்றை முன்கூட்டியே அமைத்து, கட்டணத்தை நிர்ணயித்து, உத்தரவாதக் காலத்துக்குள் மூன்று முறைக்கு மேல் ஒரே கோளாறுக்காகப் பணிமனைக்கு வந்த வாகனம் என்று ஜாப் கார்டு காட்டினால், பரிசோதனைக் கட்டணத்தை முதலில் தயாரிப்பாளரே கட்டும்படியும், காரின் கணினிப் பதிவுகளை அந்தக் குழுவிடம் ஒப்படைக்கும்படியும் உத்தரவிடும் வழக்கத்தை ஆணையங்கள் ஏற்படுத்திக்கொள்ளலாம். வல்லுநரின் 45 நாள் கெடு அதன் பிறகு தொடங்கட்டும்.

கட்டுரையாளர்: பொருளாதாரப் பேராசிரியர் (ஓய்வு).